கல்லறைக்கு முந்தின ஸ்டாப்

"பழைய பாலம்... தபால் ஆபீஸ்... மரக்கடை... பெண்கள் பள்ளி..."

ஆஸ்பத்திரி வார்டின் கோடியில் இருக்கும் கைகழுவும் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. நர்சிங் மாணவி ஒருவரின் மணிக்கட்டைத் தாண்டி சோப்பு நுரை. உதடு பாதிதான் பிரிகிறது. உள்ளே ஒரு பட்டியல் ஓடுகிறது. தண்ணி டேங்க், கல்லறை, கோர்ட்டு, ரயில்வே கேட், சந்தை, ஐஸ் ஃபேக்டரி. "டிப்போ" என்றதும் குழாயை முழங்கையால் மூடிவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தியபடி திரும்புகிறார். தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் படம் கை கழுவுவதற்கு ஏழு படிகள் என்கிறது. இவருக்குப் பதினொரு ஸ்டாப். இரண்டும் ஒரே நேரத்தில் முடிகின்றன என்பது மருத்துவ உலகம் இன்னும் கவனிக்காத உண்மை.

நர்சிங் பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவிகளில் இவர் ஒருவர்தான் முப்பத்தெட்டு வயதுக்காரர். மற்றவர்களுக்குப் பத்தொன்பது. அவர்கள் நேரில் "அக்கா" என்கிறார்கள். நகர்ந்ததும் "கண்டக்டர் அக்கா" என்கிறார்கள். இரண்டாவதில்தான் மரியாதை அதிகம் என்று அக்காவே கருதுகிறார். அது சம்பாதித்த பெயர். பதினான்கு வருஷம் ஒரே வழித்தடத்தில், ஒரே பஸ்ஸில், பின்வாசல் பக்கம் நின்றபடி சம்பாதித்தது.

பஸ்ஸை விட்டு அவர் இறங்கினாரே தவிர, அவரை விட்டு பஸ் இறங்கவில்லை. பை தொங்கிய இடது தோள் இன்னும் அரை அங்குலம் தாழ்ந்தே இருக்கிறது. வெள்ளைச் சீருடையில் அது பளிச்சென்று தெரியும். வார்டில் கால்களை அகட்டி வைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி நிற்பார். எந்த நிமிஷமும் யாராவது பிரேக் போடலாம் என்ற முன்னெச்சரிக்கை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் பார்த்தால் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். "ஸ்டாண்டைப் பிடிச்சுத் தொங்காதீங்க" என்று முதல் நாளிலேயே இரண்டு முறை சொல்லியாயிற்று. ஒரு படுக்கையில் வேலை முடிந்தால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டுவார். பஸ்ஸின் தகரத்தில் அப்படித் தட்டினால் டிரைவர் வண்டியை எடுப்பார். கட்டில் கிளம்பாது. ஆனாலும் அக்கா அடுத்த படுக்கைக்கு நகர அந்தத் தட்டு வேண்டியிருந்தது.

வேலை போனது ஒரு மெஷினால். பஸ் வாசலில் பொருத்தினார்கள், பயணிகள் அட்டையைக் காட்டினார்கள், அது கீச்சென்றது. அக்கா அழவில்லை, மனு எழுதவில்லை. நர்சிங் பள்ளியின் விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். அதிகபட்ச வயது முப்பத்தெட்டு என்று போட்டிருந்தது. விண்ணப்பம் கொடுத்த அன்று முப்பத்தெட்டு முடிய மூன்று வாரம் பாக்கி. நகரும் வண்டியின் கடைசிப் படியில் எத்தனையோ பேர் தொற்றிக்கொண்டு ஏறுவதைத் திட்டியவர், அன்று தானும் அப்படித்தான் ஏறினார்.

வகுப்பறை வரைக்கும் வண்டி சுகமாகத்தான் ஓடியது. எலும்புகளின் பெயரெல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம். கழுத்திலிருந்து குதிகால் வரை நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிவிடுவார். செயல்முறை அறையில் ரப்பர் பொம்மைக்கு ஊசி போடச் சொன்னபோது கண் இமைக்காமல் போட்டார். "பொம்மைக்கு வீட்ல யாரும் காத்துக்கிட்டு இல்ல" என்று அதற்கு அவரே காரணமும் சொன்னார்.

திங்கட்கிழமை ஆண்கள் வார்டுக்குள் விட்டார்கள். பன்னிரண்டு படுக்கை. பன்னிரண்டிலும் மூச்சு விடும் ஆட்கள். வாசலைத் தாண்டியதும் அக்காவின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. லேசாக அல்ல, பழைய டீசல் வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் ஜன்னல் கண்ணாடி நடுங்குமே, அந்த மாதிரி. பத்தொன்பது வயதுப் பெண்கள் தத்தமக்கு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருத்தி அரை மணிக்கொரு முறை கழிப்பறைக்குப் போனாள். ஒருத்தி பேனா மூடியைக் கடித்துச் சப்பையாக்கினாள். இன்னொருத்தி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். மூச்சுத் திணறிய நோயாளியைப் பார்த்தும் சிரித்துவிட்டு, பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்களுக்கு என்னக்கா பயம்? நீங்கதான் குடிகாரனையெல்லாம் காலரப் பிடிச்சு இறக்கிவிட்டவங்களாச்சே?" என்று அவளே கேட்டாள்.

"அதான்டி பயம். பஸ்ல தப்பு நடந்தா அடுத்த ஸ்டாப்புல இறக்கி விட்டுரலாம். இங்க எங்கடி இறக்கி விடுறது?"

அப்போதுதான், போர்வையை உதறும் சாக்கில், வாய் தானாக ஆரம்பித்தது. பழைய பாலம், தபால் ஆபீஸ், மரக்கடை. தண்ணி டேங்க் வருவதற்குள் விரல்கள் அடங்கிவிட்டன. படுக்கை விரிப்பின் மூலைகளை மடிக்கும்போது ஒரு முறை, தெர்மாமீட்டரை வைக்கும்போது ஒரு முறை. திங்கட்கிழமை முழுவதும் பஸ் எட்டு நடை போய் வந்தது. ஒரு குறையும் இல்லை.

குறை இல்லாதது மட்டுமல்ல. மத்தியானம் மாத்திரை கொடுக்கும் நர்சம்மா நான்காம் படுக்கையைத் தாண்டியதும் அக்கா அங்கேயே நின்றார். அந்தப் படுக்கைக்காரர் ஜன்னலுக்கு வெளியே அளவுக்கு மீறிய ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க" என்று அக்கா கையை நீட்டினார்.

"எதை?"

"தலகாணி உறைக்குள்ள இருக்கறதை."

மூன்று நாள் மாத்திரைகள் வெளியே வந்தன. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நர்சம்மா வியந்தார். "டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலத்தான் பாப்பான்" என்றார் அக்கா. பாடப்புத்தகத்தில் இந்த அறிகுறி இல்லை. அடுத்த பதிப்பில் சேர்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை வந்தது ஒன்பதாம் படுக்கை.

அங்கே படுத்திருந்தவர் பூட்டுக்காரர். ஊரில் சாவி தொலைத்தவர்களுக்கெல்லாம் கதவு திறந்து கொடுத்தவர். சர்க்கரை ஏறி, காலில் புண்ணாகி, இப்போது தானே உள்ளே பூட்டப்பட்டுக் கிடந்தார். தினமும் ஊசி என்று டாக்டர் புதிதாகச் சொல்லியிருந்ததால் யார் வெள்ளையில் வந்தாலும் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொள்வார். அக்கா கொண்டு வந்தது ஊசி அல்ல, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. பூட்டுக்காரர் பெரிய மனது பண்ணிக் கையை நீட்டினார்.

கையில் பட்டையைச் சுற்றினார். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினார். ரப்பர் பந்தை அமுக்கத் தொடங்கினார், அமுக்குக்கு ஒரு ஸ்டாப்பாக. காதை அடைத்துக்கொண்டவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் மெதுவாகக் கற்றுக்கொள்ளும் பாடம். அக்காவின் குரலோ இன்ஜின் சத்தத்தைத் தாண்டி, அறுபது பேர் பேச்சைத் தாண்டி, முன்சீட்டில் தூங்குகிறவரை எழுப்பிப் பழகியது. அவர் முணுமுணுப்பதாகத்தான் நினைத்தார். ஐந்து ஸ்டாப் வரை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆறாவது அமுக்கில் பதினான்கு வருஷப் பழக்கம் முழுசாக வெளியே வந்துவிட்டது.

"கல்லறை! கல்லறை இறங்கறவங்க ரெடியா இருங்க! வண்டி ரொம்ப நேரம் நிக்காது!"

பத்தாம் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கூப்பி, "அம்மா, நான் கோர்ட்டும்மா. எனக்கு இன்னும் ஒரு ஸ்டாப் இருக்கு" என்றார்.

பூட்டுக்காரரின் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. அக்கா அதை நேர்மையாக அட்டையில் எழுதினார். சுற்று வந்த டாக்டர் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, மருந்தைக் கூட்டலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டார். அரை மணி கழித்து மேடம் தானே பார்த்தபோது நூற்று நாற்பது. ஏறியது நோயால் அல்ல, அறிவிப்பால்.

மேடம் என்பவர் மாணவிகளை வார்டில் மேய்க்கும் ஆசிரியை. கோபத்திலும் சந்தோஷத்திலும் முகம் ஒரே அளவில் நிற்பதால் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். பூட்டுக்காரரின் புகாரை அந்த அளவிலேயே கேட்டுக்கொண்டார். "என்னை உயிரோட கல்லறையில இறக்கிவிடப் பாக்குது மேடம் இந்தம்மா! ரெடியா வேற இருக்கணுமாம்!" என்பது புகாரின் சாரம்.

அக்காவைத் துணி மாற்றும் அறைக்கு அழைத்துப் போனார்.

"தப்பான அளவை நம்பி ஒருத்தருக்கு மருந்து ஏறியிருக்கும். தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"நோயாளி பக்கத்துல நிக்கும்போது இனிமே இந்தப் பஸ் ஓடக் கூடாது. உதடு அசையக் கூடாது, கட்டிலத் தட்டக் கூடாது. சனிக்கிழமை காலையில அதே ஒன்பதாம் பெட்டுக்கு இன்சுலின் நீங்கதான் போடறீங்க. நான் பக்கத்துல நிப்பேன். வாய் அசைஞ்சாலும் சரி, கை நடுங்கினாலும் சரி, அடுத்த வருஷம் புது பேட்ச்சோட முதல்லேர்ந்து வாங்க."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் மேடம். சேக்க மாட்டாங்க."

தெர்மாமீட்டர் ஒரு கோடு கூட ஏறவில்லை. "அது எனக்கும் தெரியும்" என்றார்.

ஆக, சனிக்கிழமை காலை ஒரு ஊசி. சரியாகப் போனால் நர்ஸ். இல்லாவிட்டால் வீடு.

புதன்கிழமை அக்கா வாயை மூடிக்கொண்டார். கை திறந்துகொண்டது. நிஜத் தெர்மாமீட்டர் கை நழுவி விழுந்து, துள்ளி, மூன்று கட்டில்களுக்கு அடியில் உருண்டு போயிற்று. மண்டியிட்டுத் தேடி எடுத்து வந்தபோது தலையில் ஒட்டடை. வியாழக்கிழமை ஷூவுக்குள் கால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். விரல் பத்து, ஸ்டாப் பதினொன்று. டிப்போவுக்குக் கால் போதவில்லை. வண்டி ஐஸ் ஃபேக்டரியிலேயே நின்றுவிட்டது. மேடம் சொன்ன முறைப்படி மூச்சை இழுத்துப் பிடித்து விட்டும் பார்த்தார். இழுத்தது ஞாபகம் இருந்தது, விட மறந்துவிட்டார்.

ஆனாலும் விடுப்பு எடுக்கவில்லை. தினமும் முதல் ஆளாக வந்தார், நடுங்கும் கையோடு பன்னிரண்டு படுக்கையையும் பார்த்தார், ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதினார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் எழுதிய ஓர் எண்ணைக்கூட யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. இதை மேடம் கவனித்தாரா என்பது அந்த முகத்திலிருந்து தெரிந்துகொள்ளக் கூடிய விஷயம் அல்ல.

வீட்டில் தலையணைதான் நோயாளி. அதைக் கிள்ளிப் பிடித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் குத்திக் குத்திப் பழகினார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு வழியாகப் பேசிப் பழகியவர். கதவோரம் நின்று, "தலகாணி பொழைச்சுக்குமா?" என்று கேட்டார்.

"சிரிக்காதீங்க. சனிக்கிழமை போச்சுன்னா எல்லாம் போச்சு."

"போகாது. மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஒரே பொத்தானையே போட்டு அமுக்கிக்கிட்டு இருப்பாங்க. கையை எடுங்கன்னுதான் நான் முதல்ல சொல்லுவேன்."

"எடுத்துட்டு என்ன பண்றது?"

"அது தெரியாது. அதுக்குள்ள நான் சரி பண்ணிருவேன்."

எட்டாம் வகுப்பு மகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அம்மா, நீ பேசாம இருந்தா வீட்ல யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை பூட்டுக்காரர் அக்காவைக் கூப்பிட்டார். மூன்று நாளில் கோபம் ஆறி, உள்ளே வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எனக்கு ஊசி போடப் போறது நீதானாமே?"

"ஆமாண்ணே."

"நல்லாப் போடுவியா?"

பொய் சொல்ல வரவில்லை. "இதுவரைக்கும் பொம்மைக்கும் தலகாணிக்கும் போட்டிருக்கேன். ரெண்டும் புகார் சொல்லல."

பூட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார். "என் கடை மரக்கடை ஸ்டாப்புலதான். உன் பஸ்ஸுலதான் வருவேன். ஒரு தடவை உன்கிட்ட திட்டுக்கூட வாங்கியிருக்கேன்."

"எதுக்குண்ணே?"

"படியில நின்னதுக்கு."

"அப்ப சரியாத்தான் திட்டியிருக்கேன்."

"சரி, அந்த ஸ்டாப்பெல்லாம் ஒரு தடவை சொல்லேன், கேப்போம். காலையில குத்தறாங்கன்னு நெனச்சாலே வயிறு கட்டிக்குது. அன்னிக்கு நீ சொல்லும்போது தண்ணி டேங்க் வரைக்கும் சுகமாத்தான் இருந்துச்சு."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவுண்ணே" என்று சொல்லிவிட்டு அக்கா நகர்ந்தார். கட்டிலைத் தட்டப்போன கையை நடுவழியில் இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை. காலை உணவு வருவதற்கு முன். மேடம் கோப்போடு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மாணவிகள் சற்றுத் தள்ளி அரை வட்டமாக. பேனா மூடிக்காரி கடிப்பதையே மறந்திருந்தாள். வார்டில் எழுந்து உட்காரக் கூடியவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தாம் படுக்கைக்காரர் முன்சீட்டு கிடைத்த பயணியின் முகத்தோடு இருந்தார்.

அக்கா கை கழுவினார். உதடு அசையவில்லை. மருந்துச் சீட்டையும் நோயாளியின் கையிலிருந்த பெயர்ப்பட்டையையும் ஒத்துப் பார்த்தார். இன்சுலினை அளந்து சிரிஞ்சில் எடுத்து மேடத்திடம் காட்டினார். மேடம் தலையை அசைத்தார். பூட்டுக்காரரின் சட்டையை ஒதுக்கி, தொப்புளிலிருந்து தள்ளி, வயிற்றைத் துடைத்தார். இடது கை சதையைக் கிள்ளிப் பிடித்தது. வலது கையில் சிரிஞ்ச்.

ஊசி முனை காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டது. பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்.

மேடத்தின் பேனா கோப்பைத் தொட்டது.

பூட்டுக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அவருக்கு அக்காவைக் காப்பாற்றும் உத்தேசமெல்லாம் இல்லை. அவருக்குத் தன் வயிறுதான் முக்கியம். பயந்த மனுஷன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"பழைய பாலம்... மரக்கடை..."

அக்காவின் முதுகு நிமிர்ந்தது.

தபால் ஆபீஸ் எங்கே? பழைய பாலத்துக்கு அடுத்தது மரக்கடையாமே! பதினான்கு வருஷத்தில் மழை, வெள்ளம், வேலைநிறுத்தம் எது வந்தும் ஒரு நாள்கூட தபால் ஆபீஸில் நிற்காமல் வண்டி போனதில்லை. அங்கே இறங்க வேண்டியவர்கள் என்ன ஆவது? தினமும் கையில் பார்சலோடு அங்கே இறங்கும் ஓர் அம்மாள் என்ன ஆவது? நாக்கின் நுனி வரைக்கும் திருத்தம் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் நர்சிங் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டார். உடம்பிலிருந்த அத்தனை ஆட்டமும் அந்தத் தாடைக்குக் கட்டுப்பட்டு நின்றது. வலது கைக்கு நடுங்க எதுவும் மிச்சம் இல்லை.

"...பெண்கள் பள்ளி... தண்ணி டேங்க்..."

அங்கே பூட்டுக்காரர் நின்றுவிட்டார். அடுத்த ஸ்டாப் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதைச் சொல்லத் தயாராக இல்லை. கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

"சீக்கிரம் குத்தும்மா. இதுக்கு மேல வண்டி போகாது."

அக்கா பஞ்சை எடுத்துவிட்டு, சட்டையை இறக்கிவிட்டார். சிரிஞ்ச் ஏற்கெனவே குப்பைப் பெட்டிக்குள் போயிருந்தது.

"முடிஞ்சிருச்சுண்ணே."

பூட்டுக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எப்போ?"

"பெண்கள் பள்ளிகிட்ட." அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. "தபால் ஆபீஸ விட்டுட்டீங்க."

"அப்படியா?"

"அப்படியாவா? பாலத்துக்கு அடுத்து தபால் ஆபீஸ். அப்புறம்தான் உங்க மரக்கடை. வருஷக்கணக்கா அதே பஸ்ஸுல வந்துட்டு இதுகூடத் தெரியாதா?"

பத்தாம் படுக்கைக்காரர், "நானும் கவனிச்சேன்" என்றார்.

மாணவிகளில் சிரிப்புக்காரி சிரித்துவிட்டாள். இந்த முறை அழப் போகவில்லை.

"வாயைத் திறந்தீங்க" என்றார் மேடம்.

சிரிஞ்ச் போன பெட்டியை அக்கா கையால் காட்டினார்.

"ஊசிக்கு அப்புறம் மேடம்" என்றார் அக்கா. "அது கெட்ட வார்த்தையும் இல்ல. திருத்தம்."

மேடம் கோப்பில் எழுதினார். நிதானமாக, மூன்று வரி. அந்த முகத்தில் எந்தக் கோடும் ஏறவில்லை, இறங்கவில்லை. எழுதி முடித்ததும் கோப்பைத் திருப்பி, அக்காவுக்கு எதிரே நீட்டினார். கடைசி வரியில், சுத்தமான கையெழுத்தில், "கை உறுதியாக இருந்தது. தொடரலாம்" என்று இருந்தது. அக்கா அதை ஒரு முறை படித்தார். பிறகு, அளவுகளைப் போலவே, இன்னொரு முறை படித்து ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

கோப்பைத் திரும்ப வாங்கிய மேடம் அங்கேயே நின்றார். அரை வட்டமும் நின்றது. எல்லோரும் யாருக்காகவோ காத்திருப்பது போல இருந்தது.

அக்கா இடது தோளைச் சரிசெய்துகொண்டார். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினார்.

தெர்மாமீட்டர் மேடம், தன்னை அறியாமல், பத்தாம் படுக்கையை நோக்கி நகர்ந்தார்.